ஆள் இருக்கு

தோ பாயோ உணவங்காடியில் மதியம் ஒன்றே கால்.
மின்விசிறிக்கு நேர் கீழே
நான்கு பேர் அமரும் மேசை,
அதன் மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்.
நீல உறை. ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது.
ஆள் இருக்கு என்று அர்த்தம்.
இந்த ஊரில் யாரும் அதைத் தொடுவதில்லை.

நாங்கள் பக்கத்து மேசையில்.
யுகேந்திரனுக்கு மீன் உருண்டை நூடுல்ஸ்.
சூப் தனியாக, உருண்டை தனியாக,
ஒன்றை ஒன்று தொடக் கூடாது.
பதின்மூன்று வயது. மீசை அரும்புகிறது.
காதில் பெரிய ஹெட்போன்,
பாட்டு எதுவும் ஓடாமல்.

சாப்பிட்டு முடித்தும் எழவில்லை.
"அந்த ஆள் இன்னும் வரலை."
வருவார்டா.
"வரலேன்னா?"
வேற யாராவது உட்காருவாங்க.
"அப்புறம் அவர் வந்துட்டா?"

கழிவறையில் வழுக்கி விழுந்திருக்கலாம்.
வரிசையில் நிற்கும்போதே சோறு தீர்ந்திருக்கலாம்.
வீட்டிலிருந்து போன் வந்திருக்கலாம், ஓடியிருக்கலாம்.
ஒவ்வொன்றாக அவன் சொன்னான்.
எனக்கும் தோன்றியவைதான்.
நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பலதுறை மருந்தகத்தில்
எண் கூப்பிடும் வேலை எனக்கு.
திரையில் மூன்று முறை மினுங்கும்,
வராதவர் எண் கீழே போய்விடும்.
ஒருநாள் அதைச் சொன்னபோது கேட்டான்:
"கீழே போனவங்க எங்க போவாங்க?"
அன்று இரவு அவன் தூங்கவில்லை.
நான் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் எண்கள் வேறு மாதிரி.
பயம் எத்தனை என்றால்
ஒன்று முதல் பத்துக்குள் சொல்வான்.
தீ ஒத்திகை மணிக்கு ஒன்பது.
கை உலர்த்தும் இயந்திரம் எட்டரை.
மாற்று ஆசிரியர் வரும் நாள் ஏழு.
பரீட்சைக்கு வெறும் மூன்று,
உறவினர்களுக்கு இது மட்டும்தான் வியப்பு.
அத்தை வீட்டுத் தீபாவளிக்கு
எண்ணே இல்லை என்றான்.

இப்போ எத்தனை?
"ஆறு. ஏழாகப் போகுது."
விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கின.

தட்டேந்தி வந்த அலுவலகக் கூட்டம் ஒன்று
மேசையைப் பார்த்தது, பொட்டலத்தைப் பார்த்தது,
நகர்ந்தது.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
இரண்டரைக்கு எனக்கு வேலை.
கைபேசியில் மணி பார்த்தேன்.
பார்த்த மணி மனதில் நிற்காமல்
மறுபடி பார்த்தேன்.

"அம்மா, உங்களுக்கு எத்தனை?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.
இரண்டு, என்றேன்.
என் கையைப் பார்த்தான்.
மோதிரத்தைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
"தப்பு," என்றான்,
கூட்டல் கணக்கைத் திருத்தும் குரலில்.
எட்டு, என்றேன்.
"ம்."
இங்கே ஸ்டூல்கள் தரையோடு அறையப்பட்டவை.
உடம்பை மட்டும்
ஒரு விரற்கடை என் பக்கம் சாய்த்தான்.

அப்போதுதான் துப்புரவுக்காரர் வந்தார்.
பெயர்ப்பட்டையில் கிம் எங்.
தட்டு வண்டி, ஈரத்துணி,
கை நேராகப் பொட்டலத்துக்குப் போனது.
என் மகன் எழுந்துவிட்டான்.
"ஆடா ஓராங்!"
வகுப்பில் ஃபிர்டாவுஸிடம் கற்ற மலாய்.
தேவைக்கு மேல் சத்தம்.
மேசைகள் திரும்பின.
மன்னிப்புக் கேட்க என் வாய்
தானாகவே திறந்தது, பழக்கம்.

அவர் அவனைப் பார்த்தார்,
ஹெட்போனை, நூலில் தொங்கிய பொத்தானை.
"ஆடா," என்றார்.
இரு விரலால் பொட்டலத்தைத் தூக்கி
அடியில் துடைத்து
திரும்ப வைத்தார்.
கொஞ்சம் கோணலாக.
அவன் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.
அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.
ஒரு விரலால் தள்ளி நேராக்கினார்,
பிரிந்த ஓரம் மின்விசிறித் தூண் பக்கம்,
முன்பு இருந்தபடியே.
வண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

"அஞ்சு," என்றான் யுகேந்திரன்.
ஏழு, என்றேன் நான்.

மழை விடவில்லை.
மேலாளருக்குச் செய்தி தட்டினேன், தாமதமாகும் என்று.
காரணம் எழுதி, அழித்து,
வேறு எழுதி, அதையும் அழித்து,
கடைசியில் உள்ளதையே அனுப்பினேன்:
ஒருவருக்காகக் காத்திருக்கிறோம்.